படகு மெட்டின் மூன்றாம் அடி

ஆண்டவர் ஒலிவத் தோப்பில் இரத்த வியர்வை சிந்தும் இடத்தைப் பாடிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் பயணிகள் வண்டியான ஜீப்னி வந்து நின்றது. பெரிய புதன், காலை ஒன்பது மணி. வலப்பலகையின் தலைமாட்டில் அமர்ந்திருந்த பெனில்டா, ஓரசையும் பிசகாமல் பாடியபடியே கண்ணை மட்டும் உயர்த்தினாள். வண்டியிலிருந்து முதலில் ஒரு துணிப்பை இறங்கியது. அடுத்து ரப்பர்ச் செருப்பணிந்த ஒரு கால். அதன்பின் அம்பாரோ கதிந்திக் முழுதாக இறங்கினாள்.

செருப்பைக் கண்டதும் பெனில்டாவின் நெஞ்சில் முதல் முள் தைத்தது. மூன்று நாடுகளில் மேடையேறிய கவி, பல்கலைக்கழகப் பேராசிரியை, பெண்களுக்காகச் சிறை சென்றவள். அவள் பளபளக்கும் காலணியோடு வந்திருந்தால் 'செருக்கு' என்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். அந்த ஆறுதலையும் அவள் மிச்சம் வைக்கவில்லை.

இடப்பலகையின் முறை வந்ததும் பக்கத்திலிருந்த பாசித்தா காதைக் கடித்தாள். "வந்துட்டாடீ உன் சிநேகிதி. முடியைப் பாரு, ஆம்பளை மாதிரி வெட்டியிருக்கா. விவாகரத்தே இல்லாத நாட்டுல புருஷனைத் தொலைச்சுக் காட்டினாளே, அதுக்கே ஒரு பரிசு குடுக்கலாம்."

"புஸ்தகத்தைப் பாரு," என்றாள் பெனில்டா.

"நான் புஸ்தகத்தைத்தான் பாக்கறேன். நீதான் ரோட்டைப் பாத்துக்கிட்டிருக்க."

திரினிங் அக்காவின் வீட்டு முன்றிலில், மூங்கில் நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்த பந்தலில், மேசையின் இருபுறமும் எதிரெதிராய்ப் பலகை இட்டு, செவ்வாய் விடியலில் தொடங்கிய பாட்டு அது. ஐந்தடிச் செய்யுள், அடிக்கு எட்டசை. வலப்பலகை ஒன்று பாட, இடப்பலகை அடுத்ததைப் பாட, உலகப் படைப்பில் தொடங்கி ஆண்டவரின் பாடுகள் வழியே கல்லறையும் கடந்து இறுதித் தீர்ப்பு வரைக்கும் செல்லும். பாடும் ஆள் மாறலாம். உண்ணலாம், உறங்கலாம், மாற்றாள் வந்து அமரலாம். பாட்டு மட்டும் பெரிய வெள்ளி நண்பகல்வரை ஒரு மூச்சளவும் அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் நேர்ச்சை அறுந்தது. ஒரு பலகை தடுமாறினால் மறுபலகை அக்கணமே ஏந்திக்கொள்ள வேண்டும் என்பது ஏரிக்கரை ஊர்களின் எழுதாச் சட்டம்.

திரினிங் அக்காவின் நேர்ச்சை மற்றவர் நேர்ச்சைபோல் நோய்க்கோ கடலுக்குப் போனவனுக்கோ நேர்ந்ததன்று. இராணுவ ஆட்சி கவிழ்வதற்கு முந்தைய ஆண்டு, மணிலாவில் தையலாலைப் பெண்களிடையே சங்கம் கட்டப் போன அவள் மகள் மரிபெல், ஒரு மாலை ஆலைவாயிலைத் தாண்டி வெளியே வந்தாள். அதற்குப்பின் அவளைக் கண்டவர் இல்லை. உடலும் வரவில்லை, சேதியும் வரவில்லை. ஆறாவது ஆண்டாக அக்கா இந்தப் பாட்டை ஏற்று நடத்துகிறாள். ஒலிபெருக்கியைக் கோவிலைப் பார்த்துக் கட்டவிடாமல் நெடுஞ்சாலையைப் பார்த்துக் கட்டச் சொல்வாள். "எங்கேயாவது இறங்கி வழி தெரியாம நின்னா, சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்துருவா," என்பாள். அதை மறுத்துப் பேச அத்தெருவில் எவருக்கும் நா எழுந்ததில்லை.

பெனில்டாவின் அழுக்காறு முப்பதாண்டு வளர்ந்த மரம். அதன் விதை ஒரு நீல நாடா. கன்னியர் மடப் பள்ளியில், மே மாத மாதா வணக்கத்துக்கு மாணவியர் செய்யுள் இயற்றிய போட்டியில், பதினைந்து வயதுப் பெனில்டாவுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண்ணும் நீல நாடாவும் கிடைத்தன. இரண்டாமிடம் அம்பாரோவுக்கு, எண்பத்தெட்டு. அவ்வாண்டுப் புனித வாரத்தில் இருவரும் இதே ஊரில் எதிரெதிர்ப் பலகையில் அமர்ந்து பாடினார்கள். வலப்பக்கம் பெனில்டா, இடப்பக்கம் அம்பாரோ. இருவருக்கும் மணிலாப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. இரு தந்தையரும் மறுத்தார்கள். அம்பாரோ மூன்று நாள் சோறுண்ணாமல் சண்டையிட்டாள். பெனில்டா உண்டாள். இரண்டு வாழ்வுக்கும் இடைப்பட்ட தொலைவு அந்த மூன்று நாள் சோறுதான் என்பதை அவள் பிற்பாடு பலமுறை கணக்கிட்டுப் பார்த்திருக்கிறாள்.

அம்பாரோ முதலில் ஆங்கிலத்தில் எழுதினாள். பிறகு அதை உதறிவிட்டு வீட்டு மொழிக்குத் திரும்பினாள். திரும்பியதற்கும் கைதட்டினார்கள். இராணுவ ஆட்சி வந்தது; ஈராண்டு அடைத்து வைத்தார்கள்; சோப்புத் தாளில் எழுதிய பாடல்கள் துவைக்கப் போட்ட துணியோடு வெளியே வந்து நூலாயின. விடுதலையானதும் கணவனை விட்டு நீங்கி, அடிபட்ட பெண்கள் தங்கும் வீடொன்றைத் தொடங்கினாள். ஊர்வலங்களின் முன்வரிசையில் நின்ற அவள் படம் செய்தித்தாளில் வரும். இத்தனையும் ஊராருக்குத் தெரிந்தவை. ஊருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: அவளுடைய ஒவ்வொரு நூலையும் அஞ்சலில் வரவழைத்து, கதவைத் தாழிட்டு, சிவப்புப் பென்சிலால் திருத்தி மதிப்பெண் இட்டுவந்தாள் பெனில்டா டீச்சர்.

ஓரங்களில் 'வலிந்த எதுகை' என்றிருக்கும். 'இங்கே மூச்சு முட்டுகிறது' என்றிருக்கும். பரிசு பெற்ற நூலுக்கு எழுபத்தெட்டு. சிறைப் பாடல்களுக்கு எண்பத்திரண்டு இட்டு, பின்பு அடித்து எண்பதாக்கினாள். 'துன்பம் உதவி செய்திருக்கிறது' என்று காரணமும் எழுதினாள். ஒரேயொரு கவிதையில்தான் பென்சில் நின்றுவிட்டது. காணாமற்போன மகளுக்கு நாள்தோறும் தட்டு வைக்கும் ஒரு தாயைப் பற்றியது அது. ஒரு மாலை முழுதும் பென்சிலைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். எங்கும் கோடிட இடமில்லை. கடைசியில் தேர்ச்சிக்கு வேண்டிய எழுபத்தைந்தை மட்டும் இட்டு நூலை மூடினாள்.

இவற்றையெல்லாம் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அம்பாரோவின் ஆய்வு நூல். குருமார் எழுதிக்கொடுத்த பாட்டு மகனுடைய பாட்டு. அதைப் பாடிய பெண்கள் மெட்டை நீட்டி, மூச்சை நீட்டி, தாயின் பாட்டாக்கிக்கொண்டார்கள் என்பது அந்நூலின் வாதம். 'இதை நானே சொல்லியிருப்பேன், யார் கேட்டார்கள்?' என்று முதற் பக்கத்திலேயே சிவப்பில் எழுதினாள் பெனில்டா. ஒலிப்பதிவுக் கருவியோடு அம்பாரோ பதினொரு ஊர் சென்றிருந்தாள். நாற்பத்துமூன்று பாடகியருக்கு நன்றி கூறியிருந்தாள். பெனில்டா அந்தப் பட்டியலைக் கண்ணால் மூன்று முறையும் விரலால் ஒரு முறையும் தேடினாள். பதினோராவது ஊரிலிருந்து இவ்வூருக்குப் படகில் அரைமணி நேரம்.

பெனில்டாவுக்கென்று இருந்தவை இருபது செய்யுள். பெரிய புதன் பிற்பகல் மூன்று மணிக்கு, சிலுவை சுமந்த மகனைத் தாய் வழியில் சந்தித்துப் புலம்பும் பகுதி வரும். அவ்விடத்தில் மட்டும் இடப்பலகை வாய்மூடும். வலப்பலகைத் தலைவி தனித்துப் பாடுவாள். இருபத்தைந்து ஆண்டாக அந்தத் தலைவி பெனில்டா. அதைக் கேட்கவென்றே பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்து நிற்பார்கள். அதுவே அவளுடைய நூல், அவளுடைய மேடை.

பதினொரு மணிக்கு மாற்றாள் வந்து அமர்ந்ததும் பெனில்டாவும் பாசித்தாவும் அடுக்களைக்குச் சென்றார்கள். திரினிங் அக்கா துருவுமணையில் அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பாட்டு நடக்கும் நாட்களில் அவள் பலகைப் பக்கம் வருவதே இல்லை. பாடுவோருக்குப் பொங்கிப்போடுவதே தன் பங்கு என்றிருந்தாள். அவளருகே தரையில் அமர்ந்து சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள் அம்பாரோ.

"வா, டீச்சர். இஞ்சித் தண்ணி குடி, தொண்டைக்கு இதமா இருக்கும்," என்றாள் அக்கா.

அம்பாரோ எழுந்து கையைப் பாவாடையில் துடைத்தாள். "பெனில்டா! உன் குரல் ஜீப்னியிலயே கேட்டுச்சு. 'அது எங்க டீச்சர்'னு டிரைவர் பெருமையாச் சொன்னான்."

"ஒலிபெருக்கியை நல்லாக் கட்டியிருக்காங்க."

"அடியே, பாராட்டினா வாங்கிக்கத் தெரியணும்," என்றாள் பாசித்தா. "எனக்கெல்லாம் யாரும் சொல்றதில்லை. எங்க வீட்டு நாய்தான் கூடச் சேந்து ஊளையிடும்."

அடுக்களை சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அக்கா துருவலை நிறுத்தினாள்.

"டீச்சர், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். இன்னிக்கு மாதா புலம்பலை நீங்க ரெண்டு பேருமா மாத்தி மாத்திப் பாடணும். அதுக்குத்தான் நான் அம்பாரோவுக்குக் கடுதாசி போட்டு வரச் சொன்னேன். மரிபெல் இவகிட்டதானே படிச்சா. இவ குரலும் அவ காதுல விழட்டும்."

அம்பாரோ தலை குனிந்தாள். மரிபெல்லை அந்தத் தையலாலைக்கு அனுப்பியவள் அவளே என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆனால் பெனில்டா அந்தக் குனிந்த தலையைப் பார்க்கவில்லை. அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: இருபது பத்தாயிற்று.

"உக்காரட்டும் அக்கா. பலகை எல்லாருக்கும் பொதுதானே."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

"கோவமில்லாதவ கோப்பையை இந்தப் பிடி பிடிக்க மாட்டா," என்றாள் பாசித்தா. "உடைஞ்சுரப் போவுது, கீழ வை."

அம்பாரோ நெருங்கி வந்தாள். "எனக்குப் பயமா இருக்குடீ. பலகையில உக்காந்து இருபத்தேழு வருஷமாச்சு. எந்த மெட்டுல பாடுவ?"

"வழக்கமான மெட்டுதான். எல்லாருக்கும் தெரிஞ்சது."

"நடுவுல மாத்த மாட்டியே?"

"எதுக்கு மாத்தணும்?"

சொன்ன கணத்தில் அது பொய்யன்று. அதை அவளுக்காகச் சொல்லியாக வேண்டும். உண்டு முடித்துச் சன்னலருகே நின்றபோது, கொல்லைப்புறத்துச் சந்தோல் மரத்தடியில் அம்பாரோ புத்தகத்தை மடியில் விரித்து, விரலால் அசை எண்ணி, அந்த எளிய மெட்டை முணுமுணுப்பதைக் கண்டாள். பள்ளிச் சிறுமிபோல் அஞ்சியிருந்த அந்தப் பெரிய மனுஷியைக் கண்டு பெனில்டாவுக்கு இரக்கம்கூடப் பிறந்தது. இரக்கம் இனிதாகவும் இருந்தது.

மூன்று மணி. வெயில் கீற்றின் இடுக்குகளில் விழுந்து மேசைமேல் காசுகாசாய்க் கிடந்தது. முகப்பில் கருந்துகில் போர்த்திய வியாகுல மாதா, ஏழு வாள் பாய்ந்த நெஞ்சோடு, ஊரெல்லாம் தன் துயரைப் பாட வருவதைப் பார்த்திருந்தாள். பந்தலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். வலப்பக்கம் பெனில்டா, இடப்பக்கம், முப்பதாண்டுக்கு முன்பு போலவே, அம்பாரோ. இருவர் முன்னும் ஒவ்வொரு ஒலிவாங்கி.

பெனில்டா முதற் செய்யுளை வழக்கமான மெட்டில் எடுத்தாள். குரல் தெளிந்த நீராய் ஓடிற்று. அம்பாரோ இரண்டாவதைப் பாடினாள். மெல்லிய குரல், புகைபடிந்த குரல். நான்காம் அடியில் சற்று நடுங்கவும் செய்தது. பெனில்டாவின் மனத்துப் பென்சில் எழுபத்தொன்று என்று எழுதிற்று. தேர்ச்சியில்லை.

அப்போதுதான் அவள் அடுக்களை வாயிலைப் பார்த்தாள். கையில் தேங்காய்ப்பால் சொட்ட நிலைப்படியைப் பற்றிக்கொண்டு நின்ற திரினிங் அக்கா அழுதுகொண்டிருந்தாள். ஆறாண்டாகப் பெனில்டாவின் புலம்பலுக்கு அடுப்பை விட்டு அசையாதவள், இந்தத் தேறாத குரலுக்கு வாயில்வரை வந்து நின்று அழுதாள். மூன்றாவது பாடி, நான்காவது கேட்டு, ஐந்தாவது பாடினாள் பெனில்டா. கேட்க வந்தவர்களின் முகங்கள், அவள் பாடும்போதுகூட, இடப்பக்கம் திரும்பியிருந்தன. தன் வீட்டு விளக்கை ஏற்றி எதிர்வீட்டில் வைத்தாற்போல் இருந்தது அவளுக்கு.

எந்தச் செய்யுளிலும் மெட்டை மாற்ற வலப்பலகைத் தலைவிக்கு உரிமை உண்டு. இடப்பலகை பின்தொடர்ந்தாக வேண்டும். அது வழக்கம், அதில் குற்றமில்லை. ஏழாவது செய்யுளை அவள் படகு மெட்டில் எடுத்தாள்.

ஏரிக்கு அக்கரையில் பிறந்த மெட்டு அது. இவ்வூரில் அது முழுதும் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. முதலிரண்டு அடியும் துடுப்பு இழுப்பதுபோல் நீண்டு செல்லும். மூன்றாம் அடியில் குரல் திடுமென மேலேறி, இடையில் மூச்செடுக்காமல், பாதிவழியில் வளைந்து இறங்கும். அந்த வளைவை அறியாதவர் அங்கே மூழ்குவர். பெனில்டா மூழ்கவில்லை. ஏறினாள், வளைந்தாள், இறங்கினாள், கூட்டத்தில் யாரோ "மாதாவே!" என்று பெருமூச்செறிந்தார்கள். முகங்களெல்லாம் வலப்பக்கம் திரும்பின. அவள் நெஞ்சு குளிர்ந்தது.

அம்பாரோ நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் சினமில்லை. கேள்வி மட்டும் இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்தாள். முதலடி வந்தது. இரண்டாமடி, வியக்கும்படி, பிழையின்றி வந்தது. மூன்றாமடியில் குரல் ஏறிற்று, ஏறிய இடத்தில் வழி தெரியாமல் நின்றது, உடைந்து ஓய்ந்தது.

அக்கணமே ஏந்தியிருக்க வேண்டும். பெனில்டாவுக்கு அந்த அடி நாவின் நுனியில் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு மூச்சு போயிற்று. உலகம் வாழ்த்திய வாய் ஊர்நடுவே மூடிக்கிடப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் மூச்சு. ஒலிபெருக்கி வெறுமனே இரைந்தது. மூன்றாம் மூச்சில் தெருக்கோடி வரைக்கும் அந்த வெறுமை சென்று சேர்ந்தது, எங்கோ ஒரு வீட்டுக் கதவு திறந்தது, நாய் குரைத்தது. பாசித்தா தொடையைக் கிள்ளினாள். "எடுடீ! எடு! என்ன பண்ற?" நான்காம் மூச்சு. எடுக்க நினைத்தபோது, நெடுஞ்சாலையைப் பார்த்து நின்ற அந்த ஒலிபெருக்கி பெனில்டாவின் கண்ணில் பட்டது. அதன் வாய் திறந்திருந்தது, சொல் இல்லை. என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தாள். இப்போது வேண்டியும் குரல் வரவில்லை.

கூட்டம் விலகியது. திரினிங் அக்கா ஓடிவந்தாள். பால் படிந்த கையாலேயே இடப்பலகையின் ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டாள். அவளுக்குப் பாடத் தெரியாது. மெட்டும் தெரியாது. ஆனால் ஆறாண்டு அடுக்களையில் கேட்டுக் கேட்டுச் செய்யுள் முழுதும் நெஞ்சில் ஏறியிருந்தது. நின்றுபோன இடத்திலிருந்து அவள் சொல்லத் தொடங்கினாள். 'மகனே, உன்னை எங்கே கொண்டுபோகிறார்கள்' என்னும் பொருள்பட வரும் அடிகள் அவை. விளையாடப் போன பிள்ளையை வாசலில் நின்று உணவுக்குக் கூப்பிடும் குரலில், சற்றே அதட்டலாய், சற்றே அவசரமாய், நெடுஞ்சாலையைப் பார்த்து அவற்றைச் சொன்னாள்.

செய்யுள் முடிந்தது. அடுத்தது வலப்பலகையின் முறை. பெனில்டா வாய்திறந்தாள், படகு மெட்டும் வரவில்லை, வழக்கமான மெட்டும் வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து அம்பாரோவின் குரல், மெட்டில்லாமல், பேச்சாய், முதலடியைத் தொடங்கிற்று. பெனில்டா அதில் ஏறிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அக்கா மறுமொழி சொன்னாள். எஞ்சிய செய்யுள்கள் அப்படியே முடிந்தன. அப்போதும், இறைவன் பொறுப்பாராக, பெனில்டாவின் உள்ளே அந்தப் பழைய புழு நெளிந்தது: ஒரு நாளும் பயிலாதவள், ஒரு சுரமும் அறியாதவள், என் இருபத்தைந்து ஆண்டையும் ஒரே செய்யுளில் கடந்துவிட்டாளே!

மாற்றாள் அமர்ந்ததும் அம்பாரோ அவளைக் கிணற்றடியில் மறித்தாள்.

"தெரிஞ்சேதான் செஞ்ச."

பெனில்டா வாளியைப் பார்த்தாள்.

"மெட்டை மாத்தினது உன் உரிமை. மாத்த மாட்டேன்னு சொல்லிட்டு மாத்தினே, அதைக்கூட விடறேன். நான் விழுந்தப்ப எடுக்காம உக்காந்திருந்தியே, அது என்னடீ?"

"எல்லாம் உன்கிட்ட இருக்கே!" பெனில்டாவின் குரல் இப்போது உடைந்து வந்தது. "புஸ்தகம், மேடை, பேரு. ஜெயில்கூட உனக்குக் குடுத்து வெச்சிருந்தது. எனக்கு இருபது செய்யுள்தான். அதுலயும் பாதியைக் கேட்டு வந்து நிக்கற."

அம்பாரோ சிரித்தாள்; நல்ல சிரிப்பன்று. "ஜெயிலா? சொல்றேன் கேளு. பெரிய வாரம் வந்துச்சு. உள்ள பதினேழு பொம்பளைங்க, புஸ்தகம் கிடையாது. அவங்கவங்க ஊர்ல பாடினதைப் பாடினோம். நான் படகு மெட்டை எடுத்தேன். ரெண்டடி வந்துச்சு. மூணாவது வரலை. ரெண்டு வருஷமும் வரலை. காதுல உன் குரல்ல கேக்குது, என் தொண்டைக்கு வர மாட்டேங்குது. உன்மேல எவ்வளவு பொறாமைப்பட்டேன் தெரியுமா?"

"பொய் சொல்லாத."

"இன்னிக்கு எந்த இடத்துல விழுந்தேன்னு நீயே பாத்தியே."

பெனில்டாவின் உள்ளே கிடந்த பழைய முள் தானாக வெளியே வந்தது. "பதினொரு ஊருக்குப் போனே. இங்க வரலை."

"வந்து? உன் முன்னால மெஷினை வெச்சுட்டு, 'எனக்குத் தெரியாததை நீ பாடு'ன்னு கேக்கணும். வாய் வரலை. நீ தொண்ணூத்தி நாலு, நான் எண்பத்தெட்டு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அம்பாரோவும் மறக்கவில்லை என்பதே பெனில்டாவைத் திகைக்க வைத்தது. முப்பதாண்டு ஒருத்தியே காத்துவைத்ததாக நினைத்திருந்த மதிப்பெண்ணை மற்றவளும் காத்துவைத்திருந்தாள்.

"அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு," என்றாள் அம்பாரோ. "நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லாம விட்டா மன்னிக்கவும் மாட்டேன். அந்த வீட்டுல எனக்கே ஒரு பெரிய கடன் இருக்கு. உன்னோடதையும் சேத்துச் சுமக்க என்னால முடியாது."

அடுக்களையில் அக்கா மறுபடியும் துருவுமணையில் அமர்ந்திருந்தாள். பெனில்டா அவள் எதிரே மண்டியிட்டாள்.

"அக்கா, பாட்டு நின்னதுக்குக் காரணம் நான். எடுத்திருக்கலாம். எடுக்கலை."

"தெரியும்." துருவல் நிற்கவில்லை. "இருபத்தஞ்சு வருஷமா உன் குரலைக் கேக்கறேன். நீ எங்க மூச்சு விடுவேன்னு எனக்குத் தெரியும். தானா நின்னதுக்கும் நிறுத்தினதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"அவ பாடினப்ப நீ அழுதே. எனக்கு ஒரு நாளும் அழுததில்லை."

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். "உன் பாட்டுக்கு நான் ஏன்டீ அழணும்? நீ நிறுத்தவே மாட்டேன்னு நம்பிக்கையா அடுப்பைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவ குரல் நடுங்கிச்சு, பயந்துட்டேன், அழுதேன்."

தேங்காய்மூடியைக் கீழே வைத்தாள். "அந்த நாலு மூச்சுல என் பொண்ணு ரோட்டுல நின்னிருந்தா? சத்தம் நின்னுபோச்சே, வேற ஊரு போலன்னு திரும்பிப் போயிருந்தா?"

பெனில்டா அழுதாள்.

"அழாத," என்றாள் அக்கா. "அழுதா தொண்டை கட்டும். அஞ்சு மணிக்கு உன் முறை இருக்கு." துருவலை ஒதுக்கியபடியே சொன்னாள்: "போய் அவளுக்கு அந்த அடியைச் சொல்லிக் குடு. ஒருத்தி தொண்டையில மட்டும் இருந்தா இப்படித்தான் ஆகும். அடுத்த வருஷம் நீ விழுந்தா எடுக்க ஒரு ஆள் வேணும் எனக்கு."

சந்தோல் மரத்தடியில் அம்பாரோ தனியே அமர்ந்திருந்தாள். பெனில்டா அவளெதிரே அமரவில்லை, பக்கத்தில் அமர்ந்தாள். முதலடியைப் பாடினாள். இரண்டாமடியைப் பாடினாள். மூன்றாமடியில் ஏறும்போது கையை உயர்த்தி, வளைவில் கையையும் வளைத்துக் காட்டி இறங்கினாள்.

"எங்க மூச்சு விடறே?" என்றாள் அம்பாரோ.

"விடறதில்லை. ரெண்டாவது அடி முடியறதுக்கு முன்னாலயே எடுத்து வெச்சுக்கணும்."

"அடிப்பாவி! இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். பாடு."

அம்பாரோ பாடினாள், மூழ்கினாள். மறுபடி பாடினாள், பாதி வளைவு வந்தது. பந்தலில் பாசித்தாவின் குரல் வழக்கமான மெட்டில் இழுத்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டு நாயும் தன் பங்குக்கு ஒத்துப் பாடிற்று. இருவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்கள். ஒன்பதாம் முறையோ பத்தாம் முறையோ, அம்பாரோவின் குரல் ஏறி, வளைந்து, மூச்சறாமல் இறங்கிவந்தது. புகைபடிந்த அந்தக் குரலில் அந்த வளைவு பெனில்டா ஒருநாளும் பாடியிராத விதத்தில் நொந்து வளைந்தது.

பெனில்டாவின் நெஞ்சில் சுருக்கென்றது. 'தப்பு' என்று சொல்ல நா எழுந்தது. சொன்னால் அம்பாரோ நம்புவாள். அவளுக்குச் சரியானது எதுவென்று தெரியாது. பெனில்டா அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் நெடுஞ்சாலை வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது.

"சரி," என்றாள்.

"நிஜமாவா? எவ்வளவு போடுவ?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"மீதி எட்டு?"

"அது என்கிட்ட இருக்கட்டும்," என்று சொல்லிப் பெனில்டா எழுந்தாள். ஐந்து மணி ஆகப்போகிறது. "வா. இந்தத் தடவை வலப்பலகையில என் பக்கத்துல உக்காரு."